மாமியார் பேசுவதால் பில் ஏறவில்லை

வீட்டு போன் செலவைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, யாரோ ஒருவர் அதிகம் பேசுகிறார் என்ற புகார்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். முதல் 9 வருடம் டிரங்க் போர்டில், அதாவது வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் பலகையில், காதில் ஹெட்செட்டோடு. மீதி முழுக்க பில்லிங் பிரிவில். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து மொபைல், ஒரு லேண்ட்லைன், ஒரு பிராட்பேண்ட். மாமியார் தினமும் சாயங்காலம் தன் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். பில் எகிறுவது அதனால்தான் என்கிறார் என் கணவர். நான்தான் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொல்வது?
— ஒரு மருமகள்

பதில்: சொல்லாதீர்கள். சொல்வதற்கு முன்னால் பில்லைப் பாருங்கள். பார்த்த பிறகு சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் பில்லிங்கில் இருந்த காலத்தில் பில் என்றால் பேச்சுக்கான கணக்குதான். மீட்டர் ஓட ஓட ரூபாய் ஏறும். இன்றைக்கு வீட்டு பில்லில் பெரும்பகுதி வாடகை. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. உங்கள் மாமியாரின் திட்டத்தில் அழைப்புக்கு அளவில்லை என்றால், அவர் ஒரு மணி நேரம் பேசினாலும் ஒன்றுதான், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான். உண்மையில் அந்த வீட்டில் கட்டிய காசுக்கு முழுசாக அனுபவிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். கடைசி மூன்று மாத பில்களை எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ப்ரீபெய்டு என்றால் பில் வராது. நிறுவனத்தின் செயலியில் ரீசார்ஜ் பட்டியல் இருக்கும், அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதமும் ஒரே தொகையாக வருகிற வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். திட்ட வாடகை, கைபேசித் தவணை, காலர் டியூன், எப்போதோ "ஒரு மாதம் இலவசம்" என்று வந்து அப்படியே ஒட்டிக்கொண்ட சேவை, கைபேசிக் காப்பீடு... இவைதான் அந்தப் புள்ளிகள். அரசு வரி இவற்றின் மேல் ஏறுகிறது. ஆகவே ஒரு புள்ளியை அடித்தால் அதன் வரியும் சேர்ந்து போகும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். பேரனின் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு டேப்லெட் வாங்கி அதில் தனி சிம் போட்டோம். வகுப்பு முடிந்தது, டேப்லெட்டின் திரையும் உடைந்தது, பீரோவில் போர்வைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. சிம்முக்கு மட்டும் தானியங்கிக் கட்டணம் மாதம் தவறாமல் போய்க்கொண்டே இருந்தது. 14 மாதம்! வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பில்லில் தப்பு கண்டுபிடித்தவள் கண்ணில் சொந்த பில் படவில்லை. தானியங்கிக் கட்டணத்தின் சௌகரியமே நாம் பில்லைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். நிறுவனத்துக்கும் அதே சௌகரியம்.

அப்புறம், ஐந்து பேருக்கும் ஒரே திட்டம்தானே போட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். ஒருவருக்குப் பார்த்து வாங்கியதை எல்லோருக்கும் போட்டுவிடுவோம். ஒவ்வொருவர் கைபேசியிலும் அமைப்புகளுக்குள் போய், மாதம் எவ்வளவு டேட்டா செலவானது என்று பாருங்கள். மாமியாருக்குப் பேச்சு வேண்டும், டேட்டா வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு டேட்டா வேண்டும், பேசச் சொன்னால் பேச மாட்டான். இரண்டு பேருக்கும் ஒரே திட்டம் எப்படிப் பொருந்தும்? பெரியவர்களுக்குப் பேச்சு மட்டும் உள்ள சின்னத் திட்டம் பெரும்பாலும் இருக்கும். அது விளம்பரத்தில் வராது. பட்டியலின் அடியில் கிடக்கும். வீட்டில் வைஃபை இருக்கும்போது, நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவருக்கு மொபைல் டேட்டா எதற்கு?

ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை வெளிநாட்டில் இருக்கிறாரா? அப்படியென்றால் கணக்கு வேறு. அந்த அழைப்பை வைஃபையில் இணைய அழைப்பாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரக் குரல் அழைப்புக்குச் சில பத்து எம்.பி. போதும்.

கேள்வி: மாதா மாதம்தான் ரீசார்ஜ் செய்கிறேன். ஆனால் வருடத்தில் 13 முறை செய்ததாகக் கணக்கு வருகிறது. எனக்கு எண்ணத் தெரியவில்லையா?
— ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்

பதில்: ஐயா, நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். "மாதம்" என்று நீங்கள் நினைப்பது அவர்களுக்கு 28 நாள். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருடத்துக்கு ஒரு மாதச் சந்தா கூடுதலாகப் போகிறது, யாரும் விலையை ஏற்றியதாகவே தெரியாமல்.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. இத்தாலியில் நிறுவனங்கள் இப்படி 28 நாளுக்கு ஒரு பில் போட்டதில் கிளம்பிய சத்தத்தால், 2017 கடைசியில் சட்டம் போட்டு மாதக் கணக்குக்குத் திரும்ப வைத்தார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2022 ஜனவரியில், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டமும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, அந்தத் திட்டத்தைத் தேடி எடுப்பது நம் வேலை.

திட்டங்களை ஒப்பிடும்போது மாத விலையைப் பார்க்காதீர்கள். விலையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். 84 நாள் திட்டமும் மூன்று மாதத் திட்டம் இல்லை, மூன்று இருபத்தெட்டு. ஒரு வருடத் திட்டம் நாள் கணக்கில் பெரும்பாலும் மலிவாக வரும். ஆனால் வீடு மாறப் போகிறவர்களும், சிக்னல் சரியில்லை என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறவர்களும் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒன்றுக்கு இரண்டாகக் காசு கழிகிறது. ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒன்றுதான் கழிகிறது. தமிழுக்குத் தனி வரியா?
— கோபத்துடன் ஒரு தமிழாசிரியை

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வரி இல்லை அம்மா, இடப் பற்றாக்குறை.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்குள் 140 பைட், அதாவது 1,120 பிட் இடம்தான் உண்டு. முதல் எஸ்.எம்.எஸ். போன 1992 டிசம்பர் 3-க்கு முன்பே முடிவான அளவு அது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்துகள், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் போகும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். ஆகவே 70 குறிதான் அடங்கும். அந்த 70-உம் நாம் பள்ளியில் எண்ணுகிற எழுத்து இல்லை. "வணக்கம்" என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து; போனுக்கு ஏழு. புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. "கொ" நமக்கு ஒன்று, போனுக்கு இரண்டு. "ஸ்ரீ" போட்டால் நான்கு போய்விடும். 71-ஆவது குறி விழுந்ததும் செய்தி இரண்டாக உடைகிறது. உடைந்தால், ஒட்டவைப்பதற்கான குறிப்புக்கும் இடம் விட வேண்டும் என்பதால் ஒரு துண்டுக்கு 67-தான்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வைத்தால் போதும், முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 160 என்பது 70 ஆகிவிடும். பல கைபேசிகளில் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இறங்கிக்கொண்டே வரும். அது இந்தக் கணக்குதான். வாட்ஸ்அப் மாதிரி இணையச் செய்திகளுக்கு இந்த வில்லங்கம் எதுவும் கிடையாது. அங்கே தாராளமாக எழுதுங்கள், ஒற்று மிகும் இடத்தில் ஒற்றைப் போட்டே எழுதுங்கள்.

கேள்வி: தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றது. அவசரமோ என்று திருப்பிக் கூப்பிட்டேன். யாரோ ஏதோ பாட்டுப் போட்டார்கள். அடுத்த பில்லில் தலை சுற்றியது.
— ஒரு வாசகர்

பதில்: ஜப்பானில் இதற்கு "வன்கிரி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒரு மணி, உடனே துண்டிப்பு. உலகம் முழுக்க இப்போது அந்தப் பெயர்தான். நீங்கள் வெளிநாட்டுக்குப் பேசும் காசில் ஒரு பங்கு, அழைப்பு போய்ச் சேருகிற நிறுவனத்துக்குப் போகும். கட்டணம் கூடுதலான எண்ணாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பங்கில் ஒரு பங்கை இந்த ஆட்கள் அடிக்கிறார்கள். பாட்டுப் போட்டது உங்களை லைனில் நிறுத்திவைக்கத்தான். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு வரவு.

நம்மவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. +1 என்று பார்த்ததும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோ என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். +1 அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும் சொந்தமில்லை. கரீபியன் தீவுகள் பலவும் அதற்குள்தான் இருக்கின்றன. +1-க்குப் பின்னால் 876 என்றால் ஜமைக்கா, 809 என்றால் டொமினிக்கன் குடியரசு.

வீட்டில் யாரும் வெளிநாட்டுக்கு நேரடியாகப் பேசுவதில்லை என்றால், வெளிச்செல்லும் சர்வதேச அழைப்பையே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். லேண்ட்லைனுக்கும் சேர்த்துத்தான். போன காசைத் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். அழைப்பு வந்த நேரம், நீங்கள் திருப்பி அழைத்த நேரம் இரண்டையும் குறிப்பிட்டு, கட்டணக் கெடுவுக்கு முன்பே கேளுங்கள். முழுசாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

கேள்வி: வீட்டில் வைஃபை இருக்கிறது. ஆனாலும் என் மகனின் மொபைல் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. வைஃபையில்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறான்.
— ஒரு தாய்

பதில்: பையன் உண்மையே சொல்லியிருக்கலாம். வைஃபை பலவீனமானால் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி பல கைபேசிகளில் இருக்கிறது. ஐபோனில் அதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர். அவன் அறை மோடத்திலிருந்து தள்ளி இருக்கிறதா, கதவைச் சாத்திக்கொள்கிறானா என்று பாருங்கள். அந்த வசதியை அணைத்துவிட்டு, வீடியோவின் தரத்தையும் ஒரு படி இறக்குங்கள். எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை சாப்பிடும், சாதாரணத் தரம் என்றால் 1 ஜி.பி.க்குள் அடங்கும். உள்ளங்கை அகலத் திரையில் வித்தியாசம் தெரியாது. சத்தியத்தை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு அழைப்பைக்கூட எடுக்கவில்லை. ரோமிங் பில் மட்டும் வந்திருக்கிறது. எப்படி?
— ஒரு பயணி

பதில்: எடுக்காததுதான் காரணமாக இருக்கும். உங்கள் எண்ணில் வாய்ஸ்மெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ அழைப்பைத் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்திருக்கும். அழைப்பு முதலில் நீங்கள் இருக்கும் நாட்டுக்குப் போகிறது. நீங்கள் எடுக்கவில்லை என்றதும் மறுபடி சொந்த நாட்டுக்குத் திரும்புகிறது. போனதுக்கு ஒன்று, வந்ததுக்கு ஒன்று என்று இரண்டு சர்வதேச அழைப்பு. விமானம் ஏறும் முன் அந்தத் திருப்பிவிடலை ரத்து செய்யுங்கள், டேட்டா ரோமிங்கை அணையுங்கள். கப்பலிலும் விமானத்திலும் வருகிற சிக்னல் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாக வருவது, எந்த நாட்டுச் சலுகையும் அதற்கு ஒட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அது அந்த நாடுகளின் சிம் வைத்திருப்பவர்களுக்கு.

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் எண்ணுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்து வருகிறோம். வீண் செலவு என்று நான் சொன்னால் அம்மா பேசாமல் எழுந்து போய்விடுகிறார்.
— ஒரு மகன்

பதில்: தம்பி, முதலில் வேலைகளை முடியுங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், எரிவாயு, எங்கெல்லாம் அந்த எண் பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் அம்மாவின் எண்ணையோ உங்கள் எண்ணையோ மாற்றுங்கள். விட்டுவிட்ட எண்ணைக் கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் கணக்குக்கான ஓ.டி.பி. முகம் தெரியாதவருக்குப் போகக் கூடாது. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் வேறு இடத்தில் சேமியுங்கள்.

அதன் பிறகு அந்த எண்ணை இருப்பதிலேயே சின்னத் திட்டத்துக்கு மாற்றி அப்படியே விட்டுவையுங்கள். என் கணவர் எண்ணை நான் மூன்று வருடம் வைத்திருந்தேன். பில்லில் புள்ளி வைக்கும்போது அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன்.

கேள்வி: லேண்ட்லைனை எடுத்துவிடலாமா?
— ஒரு குடும்பத்தலைவர்

பதில்: கடைசியாக எப்போது அதில் பேசினீர்கள் என்று ஞாபகம் இல்லையென்றால் எடுத்துவிடலாம். ஆனால் பார்த்து. பழைய செப்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபரில் வருகிற லேண்ட்லைன் அப்படி இல்லை. மோடம் அணைந்தால் அதுவும் ஊமை. தனியாக இருக்கும் பெரியவர்களின் அவசர அழைப்புக் கருவியோ திருட்டு மணியோ அந்தக் கம்பியில் தொங்குகிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். பிராட்பேண்டோடு லேண்ட்லைன் சும்மா வருகிறது என்றால், எடுத்தாலும் பில்லில் ஒன்றும் குறையப் போவதில்லை.

கேள்வி: பழைய வாடிக்கையாளர் எனக்கு ஒரு விலை, புதிதாகச் சேருகிறவருக்குக் குறைந்த விலை. இது நியாயமா?
— 12 வருட வாடிக்கையாளர்

பதில்: நியாயம் இல்லை, வியாபாரம். போகாதவருக்கு ஏன் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் போகப் போவதாகச் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளை உங்களை ஒன்றும் செய்யவில்லை. வேறு நிறுவனத்தின் திட்டம், விலை இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, "இதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். பல நிறுவனங்களில் போகிறவரைப் பிடித்து நிறுத்தவே தனிப் பிரிவு இருக்கும். முதலில் பேசுகிறவரிடம் இல்லாத சலுகை அவர்களிடம் இருக்கும். கொடுப்பதாகச் சொன்னதைச் செய்தியாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

குறைக்கவில்லையா, மாறிவிடுங்கள். ஆனால் பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள், எண் கையை விட்டுப் போய்விடும். அதே எண்ணோடு மாற வேண்டும் என்று புதிய நிறுவனத்தில் கேளுங்கள், பழையது தானாக முடியும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. இந்தியா முழுவதற்கும் 2011 ஜனவரி 20-இல் வந்தது. கைபேசியைத் தவணையில் வாங்கியிருந்தால், தவணை முடிந்த மாதத்திலிருந்து பில் குறைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். சில திட்டங்களில் அது தானாகக் குறையாது.

கேள்வி: நீங்கள் டிரங்க் போர்டில் இருந்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்திலும் ஜனங்கள் காசை மிச்சம் பிடிக்க ஏதாவது செய்வார்களா?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: செய்வார்களாவா! மூன்று நிமிடம் குறைந்தபட்சக் கணக்கு. சிலர் பேச வேண்டியதைத் தாளில் எழுதி வந்து மூச்சு விடாமல் படிப்பார்கள். அதைவிடக் கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொல்லி அழைக்கும் வகை ஒன்று உண்டு. அந்த ஆள் அங்கே இல்லை என்றால் பேச்சுக்கான முழுக் கட்டணம் விழாது. வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகும் ஒருவர், போய்ச் சேர்ந்ததும் தன் வீட்டு எண்ணைக் கொடுத்து ஒரு பெயரைச் சொல்வார். நான் கேட்பேன். அந்தப் பக்கம் ஒரு அம்மா, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பார். பத்திரமாக வந்து சேர்ந்தேன், சரி, தெரிந்துகொண்டேன்: அவ்வளவுதான் பேச்சு. போர்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம்.

ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் அதே பெயரைச் சொன்னார். நான் வழக்கம்போலக் கேட்டேன். அந்த அம்மா, "இருக்கிறார், இணைப்புக் கொடுங்கள்" என்றார். இந்தப் பக்கம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. "சார், ஆள் இருக்கிறாராம், பேசுகிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொடுங்கள்" என்றார். அழைப்புக் கணக்கு எழுதும் டிக்கெட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு லைனிலிருந்து விலகிக்கொண்டேன். அவர்கள் முடித்ததும் கணக்கு எழுதினேன். ஒன்பது நிமிடம்.